ஜனவரிக் காற்றும் ஜூன் மாதப் புகையும்



2024 பெப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, இரசாயன ஆய்வுகூடத்தின் வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். பக்கத்தில் அவருடைய மகள், உயர்தர உயிரியல் பிரிவு மாணவி, தலையைக் குனிந்தபடி நின்றாள்.

"டீச்சர், மகளுக்குப் பனி ஒத்துக்கொள்ளுதில்ல. சனிக்கிழமை கண்டிக்குக் கிளாசுக்குப் போய் வந்தா ரெண்டு நாளைக்கு இளைப்பு. சயன்ஸ் வேணாம், ஆர்ட்சுக்கு மாத்துவம் எண்டு வாப்பா சொல்றார்."

நான் பதில் தேடுவதற்குள் அந்தப் பிள்ளை மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், போன ஜூலையிலயும் இதே பஸ்ஸிலதான் போனேன். அப்ப குளிரும் மழையும் இதைவிடக் கூட. அப்ப ஏன் எனக்கு இளைக்கல்ல?"

நல்ல கேள்வி. குளிர்தான் காரணம் என்றால், கொத்மலையில் தென்மேல் பருவமழை கொட்டும் ஜூலையில்தான் அவள் அதிகம் கஷ்டப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நடந்தது மறுபுறம். அன்றிரவு வீட்டில் என் உம்மாவைப் பார்த்தபோது குழப்பம் இன்னும் கூடியது. 2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்த நாளிலிருந்து உம்மா விறகடுப்புக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு ஜனவரியில் ஒன்றுமில்லை. ஜூன், ஜூலை வந்தால்தான் மூச்சு இழுக்கும்.

ஒரே பள்ளத்தாக்கு. இரண்டு பெண்கள். இருவருக்கும் நேர் எதிரான நாட்காட்டி. இது ஏன் என்று அறிய நான் படித்தவற்றையும் பார்த்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தூசு என்பது ஒரு பொருள் அல்ல

காற்றில் மிதக்கும் மிகச் சிறிய திண்மங்களையும் திரவத் துளிகளையும் சேர்த்துத் துணிக்கைகள் என்கிறோம். இவற்றின் அளவை மைக்ரோமீற்றரில் சொல்வார்கள். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீற்றர். விட்டம் 10 மைக்ரோமீற்றருக்குக் குறைந்தவை பி.எம். 10 எனப்படும். 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்தவை பி.எம். 2.5. நம் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அது. மூக்கும் தொண்டையும் பெரிய துணிக்கைகளைப் பிடித்துவிடும். இந்தச் சிறியவை சுவாசப்பையின் அடிவரை போய்விடும்.

2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு கன மீற்றர் காற்றில் பி.எம். 2.5 துணிக்கைகள் வருடச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கும், 24 மணித்தியாலச் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கும் மேற்படக் கூடாது. இலங்கையில் 2008இல் வர்த்தமானியில் வெளியான நியமங்கள் முறையே 25, 50 மைக்ரோகிராம்.

ஆனால் நிறை மட்டும் முழுக் கதையையும் சொல்லாது. ஒரு தராசில் பத்துக் கிராம் உப்பும் இன்னொரு தராசில் பத்துக் கிராம் கரியும் வைத்தால் தராசு முள் ஒன்றையே காட்டும். சுவாசப்பைக்கு இரண்டும் ஒன்றல்ல. ஆகவே விஞ்ஞானிகள் "எவ்வளவு?" என்பதோடு "எது?" என்றும் கேட்கிறார்கள்.

துணிக்கைகளில் இரண்டு வகை உண்டு. பிறக்கும்போதே துணிக்கையாகப் பிறப்பவை ஒரு வகை. டீசல் இயந்திரத்தின் கரி, விறகுப் புகை, வீதித் தூசு, கடல் உப்பு ஆகியன இவ்வகை. வாயுவாகப் பிறந்து, காற்றிலேயே இரசாயனத் தாக்கம் அடைந்து, பின்பு துணிக்கையாக மாறுபவை மற்ற வகை. நிலக்கரியும் டீசலும் எரியும்போது வெளிவரும் கந்தகவீரொட்சைட்டு வாயு சல்பேற்றாக மாறுகிறது. வாகனங்களின் நைதரசன் ஒட்சைட்டுகள் நைத்திரேற்றாக மாறுகின்றன. மாட்டுத் தொழுவங்களிலும் உரமிட்ட வயல்களிலும் இருந்து எழும் அமோனியா வாயு இவ்விரண்டோடும் சேர்ந்து அமோனியம் உப்புகளை உண்டாக்குகிறது. இந்த இரண்டாம் வகையைத்தான் பருவகாலம் பெரிதும் ஆட்டிவைக்கிறது.

பருவம் மாற்றும் நான்கு விடயங்கள்

வாகனங்களின் எண்ணிக்கை ஜனவரியிலும் ஜூலையிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியிருக்கக் காற்று ஏன் மாறுகிறது? நான்கு காரணங்களை வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, காற்று எங்கிருந்து வருகிறது என்பது. இரண்டாவது, மழை. விழும் ஒவ்வொரு துளியும் வழியிலுள்ள துணிக்கைகளைக் கழுவிக்கொண்டு இறங்குகிறது. மூன்றாவது, புகை மேலெழுந்து கலப்பதற்கு எவ்வளவு உயரம் கிடைக்கிறது என்பது. நான்காவது, வெப்பநிலை, சூரிய ஒளி, ஈரப்பதன் ஆகியன. இவை தாக்கங்களின் வேகத்தையும் திசையையும் மாற்றுகின்றன.

நம் நாட்டுக்கு இந்த நான்கையும் பருவக்காற்றே நிர்ணயிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இடையில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடைப்பருவங்கள். பூகோளவியல் பாடத்தில் மனனம் செய்த இந்தப் பட்டியலை இரசாயனவியல் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

வடகீழ்க் காற்று: தூரத்திலிருந்து வரும் விருந்தாளி

2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை. பாடசாலைகளுக்கெல்லாம் திடீரென விடுமுறை விட்டார்கள். உங்களுக்கும் நினைவிருக்கும். வங்காள விரிகுடாவில் "மண்டோஸ்" சூறாவளி நின்ற நேரம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை பல நகரங்களில் காற்றின் தரம் ஆரோக்கியத்துக்கு ஒவ்வாத மட்டத்துக்குப் போனது. வானம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. அந்த ஒரு நாளில் நம் ஊர் வாகனங்கள் பெருகிவிடவில்லை. இந்தியத் துணைக்கண்டத்தின் மாசடைந்த காற்றைப் பருவக்காற்றும் சூறாவளியும் சேர்ந்து நம் பக்கம் இழுத்துவந்தன.

அவ்வளவு தூரம் வருமா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றின் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் என்று வையுங்கள். மெல்லிய காற்றுத்தான். ஒரு நாளில் 86,400 செக்கன்கள். ஆகவே ஒரு நாளில் அந்தக் காற்று 432 கிலோமீற்றர் பயணம் செய்யும். ஐந்து நாட்களில் இரண்டாயிரம் கிலோமீற்றரைத் தாண்டிவிடும். மழை குறுக்கிடாவிட்டால் நுண்துணிக்கைகள் ஒரு வாரமளவு காற்றில் மிதக்கக்கூடியவை.

இது வெறும் ஊகமல்ல. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை, மாலைதீவைத் தளமாகக் கொண்டு இந்து சமுத்திரப் பரிசோதனை என்ற பெரும் ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்ரன் இராமநாதனும், இரசாயனவியலுக்கான நோபல் பரிசை 1995இல் பெற்றவர்களில் ஒருவரான போல் குருட்சனும் அதனை வழிநடத்தினார்கள். கப்பல்களும் விமானங்களும் செய்மதிகளும் பயன்பட்டன. சமுத்திரத்தின் வடபகுதியில் பெரும்பாகத்தின் மேல் ஒரு பழுப்புப் புகைப்படலம் பரவியிருப்பதை அவர்கள் கண்டார்கள். அதில் சல்பேற்று, சேதனப் பொருட்கள், கரி, அமோனியம், மண்தூசு எல்லாம் கலந்திருந்தன. பெரும்பகுதி மனிதர் எரித்தவற்றிலிருந்து வந்தது. அதே தீவுகளில் தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் சமுத்திரத்தின் தூய காற்றே கிடைக்கிறது.

தூரத்திலிருந்து வரும் காற்றுக்கு ஓர் அடையாளம் உண்டு. அதில் வாயுக்கள் குறைவு, சல்பேற்று அதிகம். ஏனெனில் பயணத்தின்போது கந்தகவீரொட்சைட்டுக்கு மாறுவதற்கு நேரம் கிடைத்துவிடுகிறது. பகலில் சூரிய ஒளியால் உண்டாகும் ஐதரொட்சில் மூலிகம் அதை மெதுவாக ஒட்சியேற்றும். மேகத்துளிக்குள் கரைந்துவிட்டாலோ, அங்குள்ள ஐதரசன் பேரொட்சைட்டு அதை மிக வேகமாகச் சல்பூரிக்கமிலமாக்கிவிடும். துளி உலர்ந்தால் அதற்குள் இருந்த சல்பேற்றுத் துணிக்கையாக எஞ்சும்.

நம் மலைகளில் படரும் மூடுபனி புகையல்ல, அது வெறும் நீர்த்துளி. ஆனால் அந்த ஒவ்வொரு துளியும் ஒரு சின்னப் பரிசோதனைக் குழாய் என்பதை மறக்காதீர்கள். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்தபோது இந்த இரசாயனம்தான் கொடூரமாக வேலை செய்தது. நாலாயிரம் பேர் வரை இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் அந்தத் தொகை பன்னிரண்டாயிரம் வரை இருக்கலாம் என்றன.

கண்டி என்னும் கிண்ணம்

இனி நம் மாணவி சனிக்கிழமை இறங்கும் இடத்துக்கு வருவோம். கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், சுற்றிலும் மலைகள் சூழ்ந்த கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. பேராதனை வீதி, கட்டுகஸ்தோட்டை வீதி, தென்னகும்புர வழி என்று எல்லாத் திசை வாகனங்களும் அந்தக் கிண்ணத்துக்குள்தான் இறங்கி ஏறுகின்றன.

சாதாரணமாக மேலே போகப்போகக் காற்று குளிரும், ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் வீதம். கீழே சூடான காற்று இலேசாக மேலெழும், புகையும் அதோடு எழுந்து கலைந்துவிடும். ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் முகிலற்ற இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து சடுதியாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, பாரமாகி, சரிவுகளின் வழியே வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேலே இருப்பது அதைவிடச் சூடான காற்று. இதை வெப்பநிலை நேர்மாறல் என்பர். கிண்ணத்துக்கு மூடி போட்டதுபோல் ஆகிவிடும்.

இதற்கு நாம் கண்டிக்குப் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. நுவரெலியாப் பகுதியில் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மேட்டுச் செடிகள் தப்பிவிடும், பள்ளத்துச் செடிகளே முதலில் கருகும். அதுவும் இதே குளிர்காற்றின் தேக்கம்தான். சுபஹ் தொழுதுவிட்டு வெளியே வந்து தேயிலைத் தொழிற்சாலைப் புகைக்கூண்டைப் பாருங்கள். ஜனவரியில் அந்தப் புகை கொஞ்சத் தூரம் நேரே எழும். பிறகு முகட்டில் முட்டியதுபோல் நின்று, பள்ளத்தாக்கின் மேல் பாய் விரித்தாற்போல் பரவும். அந்தப் பாய்தான் மூடி. ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியதும் தரை சூடாகி மூடி கலைந்துபோகும்.

ஆகவே கண்டியில் ஜனவரி அதிகாலைத் துணிக்கை, தூரத்து விருந்தாளியோடு உள்ளூர்க்காரரும் சேர்ந்த கலவை. பஸ்களும் லொறிகளும் கக்கும் புதிய கரி, எரியாத எண்ணெயின் சேதனப் பொருட்கள், அவற்றோடு ஒட்டிய பல்வளைய அரோமற்றிக்கு ஐதரோகாபன்கள் ஆகியன அதில் உண்டு. இவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டி நகரம், புறநகர், கிராமம் ஆகிய இடங்களில் பி.எம். 10 துணிக்கைகளில் ஒட்டியிருக்கும் இந்தச் சேர்வைகளை அளந்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாகன நெரிசல் கூடிய இடங்களிலேயே அவை மிக அதிகம். விறகு எரிக்கும் கிராமத்துக் காற்றிலும் அவை இருந்தன என்பதையும் கவனியுங்கள். அதற்குப் பிறகு வருவேன்.

நம் பிள்ளை காலை ஐந்து மணி பஸ்ஸில் புறப்பட்டு, ஏழு மணிக்கு முன்னரே கண்டி வீதியோரம் நின்று, வகுப்புக்கு நடந்தாள். நாளின் மிக மோசமான நேரம் அது. அவள் சுவாசித்தது பனியை மட்டுமல்ல.

குளிரில் தங்கும் நைத்திரேற்று

வெப்பநிலை இரசாயனத்தை மாற்றும் என்றேனே, அதற்கு மிகத் தெளிவான உதாரணம் அமோனியம் நைத்திரேற்று. உயர்தர மாணவியருக்கு இது சமநிலைப் பாடம். அமோனியா வாயுவும் நைத்திரிக்கமில ஆவியும் சேர்ந்தால் திண்ம அமோனியம் நைத்திரேற்று உண்டாகும். இது மீளும் தாக்கம். குளிரும் ஈரமும் கூடினால் சமநிலை திண்மத்தின் பக்கம் சாயும். வெப்பம் கூடினால் துணிக்கை மீண்டும் இரு வாயுக்களாகப் பிரிந்துவிடும். லெ சற்றலியேயின் தத்துவம் இங்கே வானத்தில் நடக்கிறது.

அதனால்தான் டில்லி, லாகூர் போன்ற வட நகரங்களின் குளிர்காலத் துணிக்கைகளில் நைத்திரேற்றும் அமோனியமும் குளோரைட்டும் பெருகுகின்றன. ஒக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் தாள் எரிக்கும் புகையும் அதோடு சேர்கிறது. கோடை வந்தால் அதே நகரங்களில் நைத்திரேற்றின் பங்கு சுருங்கி, மண்தூசின் பங்கு கூடுகிறது. சல்பேற்று அப்படி ஆவியாகிவிடாது. ஒருமுறை உண்டானால் மழை வரும்வரை தங்கிவிடும். வெப்பமான நம் நாட்டுக்கு நீண்ட தூரம் பயணம் செய்துவரும் காற்றில் சல்பேற்று ஓங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தென்மேல் காற்று: உப்பும் மழையும்

மே பிறந்ததும் காட்சி மாறுகிறது. இப்போது காற்று ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வெறும் சமுத்திரத்தின் மேல் வருகிறது. அலைகள் உடைந்து தெறிக்கும் நுண்துளிகள் உலர்ந்து உப்புத் துணிக்கைகளாகின்றன. கொழும்பில் அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் வடிதாள்களில் துணிக்கைகளைச் சேகரித்து, எக்ஸ் கதிர்களைக் கொண்டு அவற்றிலுள்ள மூலகங்களைப் பிரித்தறிந்தார்கள். சோடியமும் குளோரினும் கடலைக் காட்டும். சிலிக்கனும் அலுமினியமும் மண்ணைக் காட்டும். பொற்றாசியம் விறகுப் புகையைக் காட்டும். ஒரு பிடி தூசுக்குள் அதன் ஊரும் பேரும் எழுதப்பட்டிருக்கிறது.

உப்புத் துணிக்கையும் சும்மா இருப்பதில்லை. கடல்நீரில் சோடியத்தின் நிறையைப்போல் குளோரைட்டு ஏறத்தாழ 1.8 மடங்கு உண்டு. நகரத்தின் மேலாக வரும்போது, வாகனப் புகையிலிருந்து உண்டான நைத்திரிக்கமிலம் உப்பைத் தாக்கும். சோடியம் குளோரைட்டு சோடியம் நைத்திரேற்றாகும், குளோரின் ஐதரசன் குளோரைட்டு வாயுவாக வெளியேறும். எனவே 1.8 என்ற அந்த விகிதம் குறைந்திருந்தால், இந்த உப்பு மாசுக்குள் நுழைந்து வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். வெப்ப நாடுகளின் கரையோர நகரங்களில் நைத்திரேற்றின் பெரும்பங்கு இப்படி உப்போடு ஒட்டிப் பெரிய துணிக்கைகளில் தங்குகிறது. அதை மூக்கு ஓரளவு பிடித்துவிடும்.

பிறகு மழை. நாவலப்பிட்டி, கினிகத்தேனை, வட்டவளை, கொத்மலைச் சரிவுகளில் அது எப்படிப் பெய்யும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் கழுவப்படும் காற்றில் துணிக்கைகள் தங்க இடமில்லை. காற்றும் பலமாக வீசுவதால் கண்டிக் கிண்ணத்துக்கு மூடியும் விழுவதில்லை. ஜூலையில் அந்தப் பிள்ளைக்கு இளைப்பு வராததன் விடை இதுதான்.

அப்படியானால் என் உம்மாவுக்கு ஏன் ஜூலையில் இளைத்தது?

உம்மாவின் அடுப்பு

விடை வீட்டுக்குள் இருந்தது. வெளியே காற்று கழுவப்படும் அதே மாதங்களில், எங்கள் குசினிக்குள் காற்று கெட்டுப்போகிறது.

புதிதாக வெட்டிய விறகின் நிறையில் ஏறத்தாழ அரைவாசி நீர். நன்றாக உலர்ந்த விறகில் அது ஐந்தில் ஒரு பங்களவுக்குக் குறைந்துவிடும். ஈரவிறகை அடுப்பில் வைத்தால், வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகும். அடுப்பின் வெப்பநிலை எழும்பாது. விறகு சுவாலை விட்டு எரியாமல் புகைந்து கருகும். அப்போது செலுலோசு முழுமையாகக் காபனீரொட்சைட்டும் நீருமாக மாறாமல் பாதியில் நின்றுவிடுகிறது. லெவோகுளுக்கோசன் என்ற சேர்வை அப்படிப் பிறப்பது. செலுலோசு எரிந்தால் மட்டுமே அது உண்டாகும் என்பதால், விறகுப் புகைக்கு அதை ஒரு கைரேகைபோல் விஞ்ஞானிகள் கொள்கிறார்கள். காபனோரொட்சைட்டும், முன்னர் சொன்ன பல்வளையச் சேர்வைகளும் அந்தப் புகையில் உண்டு.

மழைக்காலத்தில் விறகு நனைகிறது. சாரல் அடிக்கும் என்று யன்னலைச் சாத்துகிறோம். ஈரவிறகும் சாத்திய யன்னலும் சேர்ந்தால், உலக சுகாதார நிறுவனம் சொன்ன 15 மைக்ரோகிராம் எல்லையைக் குசினி பல மடங்கு தாண்டிவிடும். லயன் வீடுகளில் ஒரே கூரையின் கீழ் அடுப்பும் படுக்கையும் இருக்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் கொடுமை. அடுப்பின் அருகே இருப்பவர்கள் பெண்களும், அவர்களின் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தான்.

ஆகவே பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இது. நம் மலைநாட்டுக்கு மாசு நாட்காட்டி ஒன்றல்ல, இரண்டு. நகரத் தெருவுக்கு ஜனவரி, பெப்ரவரி. வீட்டுக் குசினிக்கு ஜூன், ஜூலை. முதலாவதில் தூரத்துச் சல்பேற்றும் உள்ளூர் டீசல் கரியும். இரண்டாவதில் பாதி எரிந்த விறகு. இரண்டையும் "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒரே பெயரால் அழைத்தால் இரண்டுக்கும் மருந்து கிடைக்காது.

நாங்கள் செய்தவை

அந்த மாணவியும் நானும் ஒரு கொப்பி வைத்தோம். திகதி, மழை பெய்ததா, புகைக்கூண்டுப் புகை நேரே போனதா படுத்ததா, அவளுக்கு இளைப்பு இருந்ததா என்று நாலே நிரல்கள். ஐந்தாவது நிரலில் என் உம்மாவின் இளைப்பு. ஒரு வருடம் எழுதினோம். புகை படுத்த நாட்களுக்கு அடுத்தே அவளுடைய இளைப்பில் பெரும்பாலானவை வந்தன. உம்மாவுடையது மழை நாட்களோடு போனது. இரண்டு பேரின் கொப்பி விஞ்ஞான நிரூபணம் ஆகாது. தடிமன், பூந்தாது, வீட்டுத் தூசு எல்லாமே இளைப்பைத் தூண்டும். ஆனால் ஒரு வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டவும், ஒரு வாப்பாவிடம் உட்கார்ந்து பேசவும் அது போதுமாக இருந்தது.

வைத்தியர் கொப்பியைப் பார்த்துவிட்டு, இளைப்பு வந்தபின் எடுக்கும் மருந்தோடு, வராமல் தடுக்க நாள்தோறும் உறிஞ்சும் மருந்தும் கொடுத்தார். வாப்பா அவளைக் காலை வகுப்பிலிருந்து பிற்பகல் வகுப்புக்கு மாற்றினார். மூடி கலைந்தபின் அவள் கண்டிக்குப் போய்ச் சேர்கிறாள். நெரிசலான வீதியில் நடக்கும்போது முகத்தோடு இறுகப் பொருந்தும் என் 95 (N95) வகை முகக்கவசம் அணிகிறாள். துணிக் கவசம் நுண்துணிக்கையை அவ்வளவாகத் தடுக்காது. இளைப்பு முற்றாக நிற்கவில்லை. ஆனால் அவள் உயிரியல் பிரிவிலேயே இருக்கிறாள்.

உம்மாவின் விடயத்தில் தம்பியும் நானும் ஜனவரி வெயிலைப் பயன்படுத்தினோம். மார்ச்சுக்குள் விறகைப் பிளந்து, குசினிக்கு வெளியே தகரக் கூரையின் கீழ், காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கினோம். அடுப்புக்கு மேல் ஒரு புகைக்கூண்டு வைத்தோம். அடுத்த ஜூலையில் உம்மா சொன்னார்: "இந்த வருஷம் கண் எரியுதில்ல மகள்." அந்த ஒரு வசனத்துக்காக நான் படித்த இரசாயனவியல் முழுவதும் தகும்.

பாடசாலையிலும் ஒரு தவறைத் திருத்தினோம். காலைக் கூட்டத்துக்கு முன்னர் வளவைக் கூட்டி, சருகுகளைக் குவித்துத் தீ வைப்பது எங்கள் வழக்கம். ஜனவரியில் மூடி போட்டிருக்கும் அதே நேரத்தில், ஆயிரம் பிள்ளைகளின் மூக்கடியில்! சிலவேளை பொலித்தீனும் அதில் சேர்ந்து எரியும். பி.வி.சி. பிளாத்திக்கு எரிந்தால் ஐதரசன் குளோரைட்டும் டயொக்சின்களும் வெளிவரும். இப்போது சருகு பசளைக் குழிக்குப் போகிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

மாணவியரே, விலையுயர்ந்த கருவி இல்லாமலே இரண்டு பரிசோதனைகளைச் செய்யலாம்.

ஒன்று: வெள்ளை அட்டை ஒன்றில் மெல்லிதாக வசலின் பூசி, மழை படாத தாழ்வாரத்தில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். மாதம் ஒன்று என்ற கணக்கில் ஒரு வருடம் செய்து, திகதியிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். வில்லையால் பாருங்கள். கறுப்பு எது, மண்நிறம் எது என்று குறியுங்கள்.

இரண்டு: பல நாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில், முதல் பத்து நிமிட நீரை ஒரு சுத்தமான பாத்திரத்திலும், அரை மணித்தியாலத்துக்குப் பின் விழும் நீரை இன்னொன்றிலும் திறந்த வெளியில் ஏந்துங்கள். இரண்டையும் வடிதாளில் வடித்து ஒப்பிடுங்கள். ஆய்வுகூடத்தில் பி.எச். தாள் இருந்தால் அதையும் தொட்டுப் பாருங்கள். காபனீரொட்சைட்டு மட்டும் கரைந்த தூய மழைநீரின் பெறுமானமே ஏறத்தாழ 5.6 என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவாக ஒரு நல்ல செய்தி. காற்றின் இரசாயனத்தை மனிதர்கள் கெடுத்ததுபோல் திருத்தவும் முடியும். 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அதன்பின் நகரக் காற்றின் துணிக்கைகளில் ஈயம் குறைந்தது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியது. இவையெல்லாம் யாரோ ஒருவர் வடிதாளில் படிந்த கறையைப் பார்த்து "இது எது?" என்று கேட்டதால் வந்தவை.

அன்று ஆய்வுகூட வாசலில் நின்ற பிள்ளையும் அதைத்தான் கேட்டாள். அவளுடைய கேள்வியைப் பனி என்ற ஒற்றைச் சொல்லால் மூடியிருந்தால், நமது பாடசாலை ஓர் உயிரியல் மாணவியை இழந்திருக்கும். பெற்றோரே, பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். மாணவியரே, நாளை சுபஹுக்குப் பின் வெளியே வந்து அந்தப் புகைக்கூண்டைப் பாருங்கள். புகை நேரே போகிறதா, படுக்கிறதா? முதல் வரியை அங்கிருந்தே எழுதத் தொடங்கலாம்.